டி.வி.க்குள் காற்று

நெல்வயலில் காற்று அடிப்பதை ஒரு டி.வி. திரையில் காட்டுவதற்காக நான் பட்ட பாட்டை இப்போது யாரிடம் சொன்னாலும், "அதுக்கு ஒரு கேமராவ எடுத்துக்கினு வயலுக்குப் போயிருக்கலாமே" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. கேமராவில் எடுப்பதற்கு அந்தப் பழைய கம்ப்யூட்டர் எதற்கு, நான் எதற்கு?

அந்தக் கலைக்கு டெமோ என்று பெயர். வெளிநாடுகளில் இளைஞர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, தாங்கள் எழுதிய சின்னஞ்சிறு புரோகிராம்களை ஓட்டிக் காட்டிப் போட்டி போடுவார்கள். எதையும் படம் பிடித்து வைக்கக் கூடாது, எதையும் ஒலிப்பதிவு செய்து ஒட்டக் கூடாது. மெஷின்தான் அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு வரைய வேண்டும், பாட வேண்டும். மெஷின் எவ்வளவு கிழடோ, எவ்வளவு சக்தி குறைந்ததோ, எழுதியவனுக்கு அவ்வளவு மரியாதை. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வேளைகளில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில்தான் இப்படி ஒரு உலகம் இருப்பது எனக்குத் தெரிந்தது. நான் எடுத்த பாடம் என்னவென்றால், வட்டம் வரைவது, சதுரம் வரைவது, கடைசியில் கம்ப்யூட்டரை முறையாக அணைப்பது. அணைப்பதில் என் மாணவர்கள் யாரும் தவறு செய்ததில்லை.

காஞ்சிபுரத்துக்குப் போய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த டெமோக்காரர்கள் இணையத்தில் பேசும் இடத்தில் நானும் ஏதோ கிறுக்கிவிட்டு வருவேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சென்னையிலிருந்து ஒருவர் எனக்கு மெயில் போட்டார். கோடம்பாக்கத்தில் செல்போனுக்கு கேம் செய்யும் சின்னக் கம்பெனி அவருடையது. செல்போன் என்பது சட்டைப் பையில் தெரியும்படி வைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களிடம் மட்டும் இருந்த காலம். அதற்குள் இருந்த இடமோ துளியூண்டு. அந்தத் துளியூண்டு இடத்தில் குடும்பம் நடத்தத் தெரிந்த ஆள் அவருக்கு வேண்டியிருந்தது.

நேரில் போனேன். அவர் பல வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். அங்கிருந்து ஒரே மாதிரி இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை ஆபீஸில் வைத்துக்கொண்டு இன்னொன்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"இதுல ஏதாவது ஒண்ணு பண்ணிட்டு வாங்க. சின்னதா இருந்தா போதும். ஆனா இந்த மெஷின்ல நான் இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணா இருக்கணும். மார்ச் முடியறதுக்குள்ள எனக்கு ஒரு ஆள் வேணும். பிடிச்சிருந்தா அது நீங்கதான்."

அந்த வேலை எனக்காக மட்டும் இல்லை. எங்கள் அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். நிலம் எங்களுக்குச் சாண் அளவும் கிடையாது. நைனா ஒரு ரெட்டியார் நிலத்தில் தண்ணீர் கட்டும் வேலை பார்த்தார். வீட்டைத் தூக்கி நிறுத்தியது அக்காதான். விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறிப்போய் ஷூவுக்கு அடி ஒட்டிவிட்டு இருட்டின பிறகு வருவாள். அந்தப் பசை நாற்றத்தில் நின்று நின்று அவளுக்கு விடாத இருமல் பிடித்திருந்தது. "உனக்கு ஒரு வேலை கெடைக்கட்டும்டா, அடுத்த நாள் நான் அந்த வேன்ல ஏறமாட்டேன்" என்று இருமிக்கொண்டே சொல்வாள். எனக்கு வேலை கிடைத்தால் அக்கா வேலையை விட்டு நிற்கலாம். கிடைக்காவிட்டால் நிற்க முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் நனையாமல் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். பிரித்துப் பார்த்த நைனா, "இன்னாடா இது, டிபன் பாக்ஸு மாதிரி கீது" என்றார். கறுப்பாக, தட்டையாக, அழிரப்பரில் செய்த பட்டன்களோடு இருந்தது. ஒவ்வொரு பட்டனின் மேலும் கீழும் நாலைந்து சொற்கள் அச்சடித்திருந்தன. எழுத்து எழுத்தாக அடிக்க விடாது. ஒரு பட்டனைத் தொட்டால் ஒரு முழுக் கட்டளை வந்து விழும். எதைத் தொட்டால் எது விழும் என்பது அந்த மெஷினுக்கும் அதைப் பெற்றவனுக்கும்தான் வெளிச்சம். நான் படித்த கம்ப்யூட்டருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூடக் கொடுத்த விளக்கப் புத்தகம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். முக்கியமான அட்டவணை வருகிற பக்கமாகப் பார்த்து மங்கியிருந்தது.

அதற்கென்று தனித் திரை கிடையாது, வீட்டு டி.வி.யில்தான் மாட்ட வேண்டும். எங்கள் டி.வி. அக்கா ஷூ ஒட்டி வாங்கியது. அதற்கு அவள் ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கிப் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு டி.வி. பலியாகிவிடக் கூடாது என்று எல்லா வீட்டிலும் ஸ்டெபிலைசர் உண்டு. எங்களுடையதில் பின்பக்கம் ஒரே ஒரு சாக்கெட். இரண்டையும் ஒரு பிளக்கில் சேர்த்துச் செருகலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"உன் டப்பாவ அதுல சொருவுன, கைய ஒடிச்சிடுவேன். டி.வி. போச்சின்னா நீயா வாங்கித் தருவ?"

அதனால் டி.வி. ஸ்டெபிலைசரில், மெஷினின் அடாப்டர் சுவரில் இருந்த சாதா சுவிட்ச் பாக்ஸில் என்று ஏற்பாடாயிற்று. சாயங்காலம் எனக்கு வகுப்பு, ராத்திரி அக்காவுக்கு சீரியல். ஆக, காலையிலிருந்து மதியம் வரைதான் டி.வி. எனக்கு.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். பந்து குதித்தது, நட்சத்திரங்கள் ஓடின. அவர் பார்க்காததா இது? ஒரு நாள் காலை, கரண்ட் போய் எழுதியது எல்லாம் அழிந்து, டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்திருந்த கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறி முடியும்வரை அது கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும், நாம் சும்மா இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே ரெட்டியார் வயல். காற்று ஒரு ஓரத்தில் ஏறி, பயிரைச் சாய்த்துக்கொண்டே மறு ஓரம் வரை போனது. பின்னாலேயே இன்னொன்று. அதைப் பார்த்து எனக்கு ரசனை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு செலவில்லாமல் இது பாட்டுக்கு ஆடுகிறது, நான் ஒரு பந்தைக் குதிக்க வைக்க ஒரு மாதம் தின்றிருக்கிறேன். சரி, இதையே செய்கிறேன் என்று முடிவு செய்தது அந்த எரிச்சலில்தான்.

வயலை வரைவது பெரிய காரியமாக இல்லை. மேலே வானம், தூரத்தில் நாலு பனைமரம், கீழே முழுக்கப் பச்சை. அந்த மெஷினில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் வைக்க முடியும். மூன்றாவதை வைத்தால் பக்கத்து நிறத்தைத் தின்றுவிடும். பச்சையும் கறுப்பும் போதும் என்பதால் வயல் தப்பித்தது. ஆனால் ஆட மாட்டேன் என்றது. பயிரை ஒவ்வொன்றாக அழித்து, சாய்த்து, மறுபடி வரையச் சொன்னால், ஒரு முறை வரைந்து முடிப்பதற்குள் நான் போய் டீ குடித்துவிட்டு வரலாம். அப்படி ஒரு காற்று எந்த ஊரில் அடிக்கும்?

பிறகு ஒரு வழி தெரிந்தது. டி.வி. படத்தை மேலிருந்து கீழே வரி வரியாக வரைகிறது. அது எந்த வரியில் இருக்கிறதோ அந்த இமைப்பொழுதில் நிறத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டால், அந்த வரி மட்டும் இருண்டு தெரியும். இருண்ட வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் காற்று. சொல்வதற்குச் சுலபம். ஒவ்வொரு கட்டளைக்கும் மெஷின் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்குப் போட்டு, இம்மி பிசகாமல் அந்த வரியில் போய் நிற்க வேண்டும். அந்த நேரக் கணக்கு இருந்த அட்டவணைதான் ஜெராக்ஸில் மங்கிப்போயிருந்தது. நானாக ஊகித்துப் போடுவேன். மெஷின் உறைந்துபோகும். அணைத்துப் போட்டு, கேசட்டைச் சுற்றி, கீச்சுக் குரலை முழுக்கக் கேட்டு, மறுபடி உறைய வைப்பேன். கார்த்திகை இப்படிப் போனது, மார்கழி போனது, உறையாமல் ஓட வைப்பதற்குள் தையும் போனது. அக்காவின் பாட்டு கேசட்டில் இரண்டு பக்கமும் என் புரோகிராமைப் பதிந்துவிட்டதற்காக அவள் என்னோடு பேசாமல் இருந்த நாட்களும் இதில் சேர்த்தி. மெஷினைத் தூக்கி ஏரியில் வீசிவிடலாமா என்று தினமும் ஒரு தடவையாவது நினைப்பேன். அது அவருடைய மெஷின் என்பதால் பிழைத்தது.

மாசியில் ஒரு நாள் காற்று வந்தது.

ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. இனி கிணற்றுப் பாசனம்தான் என்று நைனா விடிந்ததும் மண்வெட்டியோடு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அன்று கம்பெனி லீவு, பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஒரு எண்ணை ஏழிலிருந்து ஒன்பதாக்கி ஓட்டினேன். பனைமரத்துக்குக் கீழே ஒரு மெல்லிய இருள் தோன்றி, பச்சை மேல் இறங்கி, என்னை நோக்கி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அது கடக்கும் இடத்தில் பயிர் ஒரு மயிரிழை பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தது. சாய வேண்டும் என்று நான் எழுதவேயில்லை. அதுவாகச் சாய்ந்தது.

அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். சாம்பல் கையோடு வந்து நின்று பார்த்தாள்.

"நம்ம வயலு மாதிரியே கீதுடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப நேரம் பாத்தா தலவலி வரும் போல கீது" என்றாள். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் காற்று ஒரு நாள் பலமாக அடிக்கும், ஒரு நாள் சோர்ந்து அடிக்கும். சோர்ந்தால் ஒன்பதைப் பத்தாக்குவேன். பலமாக அடித்தால், பத்து சரி என்று வைத்துக்கொள்வேன். மறுநாள் சோர்ந்தால் எட்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தெரியாமல், காக்கையை எந்தக் கிளையில் உட்கார வைப்பது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கடைசியில் பதினொன்றில் நிறுத்தி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டேன்.

"சார், வயல்ல காத்து அடிக்குது."

"அந்த மெஷின்லயா? ஃபுல் ஸ்கிரீனா?"

"ஃபுல்லா சார். பயிர் சாயுது கூட."

"அதுல முடியாதே" என்றார். பிறகு, "உடனே எடுத்துட்டு வாங்க" என்றார். அந்த "முடியாதே"யை நான் வழியெல்லாம் சப்பிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

பங்குனி முதல் வாரத்தில் செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், கோடம்பாக்கம். மெஷினையும் கேசட்டையும் அதே மஞ்சள் பையில் வைத்திருந்தேன். ஆபீஸில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மெஷின், அவருடைய டி.வி. பையன்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். கேசட் கீச்சிட்டு முடிந்தது. வானம் வந்தது, பனைமரம் வந்தது, வயல் வந்தது.

ஆடவில்லை. பச்சை பெயிண்ட் அடித்த காம்பவுண்டு சுவர் மாதிரி நின்றது.

ஏதோ சரியாக ஏறவில்லை என்று மறுபடி ஏற்றினேன். சுவர். கேசட்டைத் திருப்பிப் போட்டேன். சுவர். "உங்க மெஷின்ல ஏதோ வித்தியாசம் இருக்கு சார்" என்று சொல்லி, நான் கொண்டுபோன மெஷினை மாட்டினேன். சுவர். "உங்க டி.வி. சார்" என்று ஆரம்பித்தபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி எனக்கே ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். பையன்களில் ஒருவன் எழுந்து தன் இடத்துக்குப் போனான். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் காபி வரவழைத்தார். "படம் நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்றார். ஒரு பொய்யனிடம் பேசுகிற குரல் இல்லை அது. ஆசைப்பட்டு உளறிவிட்ட ஒருவனிடம் பேசுகிற குரல். அதுதான் மோசம். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது, மெஷினை அதுவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் காலையில் வீட்டில் மாட்டினேன். ஜம்மென்று ஆடியது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதிக் காட்ட முடியாது. என் புரோகிராமைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். பாதி வழியில் ஒன்று தெரிந்தது. காற்று வரவழைக்கும் என்று நான் மாதக்கணக்கில் கணக்குப் போட்டு எழுதிய பகுதிக்குப் போகச் சொல்லும் கட்டளையே தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. உறைவது நின்றதிலிருந்து மெஷின் அந்தப் பகுதிக்குள் ஒரு தடவைகூடக் காலடி வைத்ததில்லை. ஏழு, ஒன்பது, பதினொன்று எல்லாம் யாரும் படிக்காத எழுத்து. அந்தப் பகுதியை மொத்தமாக அழித்தேன். அப்போதும் ஆடியது. வெறும் படத்தை மட்டும் வைத்தேன். அதுவும் ஆடியது. திரை எதிரில் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டே இருந்தேன்.

மதியம் ஆனதும் திடீரென்று நின்றது. நான் எதையும் தொடவில்லை. தலைக்கு மேல் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் விசுக்கென்று வேகம் பிடித்தது. வெளியே எந்த மோட்டார் சத்தமும் இல்லை. பம்பு செட் ஓட்டுவதற்கான திரீ பேஸ் கரண்ட் எங்கள் பக்கம் காலையில் வந்து மதியம் போய்விடும், அது போய்விட்டது. நைனா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

அவர் கால் கழுவிவிட்டு உள்ளே வருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரீ பேஸ் வந்ததும் கழனியில் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும். வோல்டேஜ் தரையைத் தொடும். டி.வி. ஸ்டெபிலைசரில் சொகுசாக இருந்தது. சுவரில் செருகிய அந்த வெளிநாட்டு அடாப்டருக்கு வயிறு நிறையாமல், அது மெஷினுக்குக் கொடுத்த கரண்டே நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கம்தான் படத்தின் மேல் இருட்டுப் பட்டையாக இறங்கி வந்தது. மழைக்காலம் முழுக்க மோட்டார் ஓடவில்லை, காற்றும் இல்லை. மாசியில் ஓடியது, வந்தது. காலையில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதனாலேயே அது என் கண்ணில் படவில்லை. தினமும் காலையில் போய் மோட்டார் போட்டவர்களில் நைனாவும் ஒருவர்.

நாலு நாள் கழித்துதான் பூத்துக்குப் போக மனம் வந்தது. "சார், அது நான் பண்ணல. எங்க ஊரு கரண்ட் பண்ணிச்சி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பூத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வந்து பாக்கலாமா?" என்றார்.

வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு மறுபடி உயிர் வந்தது. அவர் அவ்வளவு தூரம் வருகிறார் என்றால் சும்மாவா வருவார் என்று அக்காவும் சொன்னாள். அவர் வருகிற அன்று லீவு போட்டாள். மோர் கடைந்து வைத்தாள்.

அதற்கு முந்தின ராத்திரி மழை கொட்டியது. பங்குனியில் எங்கள் பக்கம் மழை என்றால் அதிசயம். பயிர் கதிர் பிடிக்கிற நேரம், ஊரே சந்தோஷமாக இருந்தது. நான் ஒருவன்தான் வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். வயலில் வரப்பு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அன்று எவன் மோட்டார் போடுவான்?

அவர் காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். திரீ பேஸ் வந்திருந்தது. மெஷினைப் போட்டேன். என் ஆயுசில் எங்கள் ஊருக்கு அவ்வளவு நல்ல கரண்ட் வந்ததில்லை. பல்பு கண்ணைக் கூச வைத்தது. ஃபேன் காலண்டரைக் கிழித்துவிடும் போலச் சுற்றியது. வயல் சுவராக நின்றது.

"பரவால்லப்பா" என்றார் அவர். அவர் பரவாயில்லை என்றாலே எனக்கு உடம்பு எரிந்தது.

கதவோரம் நின்றுகொண்டிருந்த நைனா கேட்டார். "மோட்டாரு ஓடுனாதான் ஆடுமா?"

"ஆமா நைனா. வுடு."

"எத்தினி மோட்டாரு?"

"எத்தினியோ. இந்த மழையில யாரு போடுவாங்க? வுடு நைனா."

நைனா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் வந்தவருக்கு மோர் கொடுத்தேன். அவர் அக்காவிடம் என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை போல இருந்தது.

அப்போது தூரத்தில் ஒரு மோட்டார் உறுமியது. பல்பு ஒரு சுற்று மங்கியது. கொஞ்சம் பொறுத்து வடக்குப் பக்கம் இன்னொன்று. பல்பு இன்னும் கொஞ்சம் மங்கியது. பிறகு ஏரிக்கரை ஓரம், பிறகு சுடுகாட்டுப் பக்கம். யார் யாரோ தண்ணீர் கட்டுகிறவர்கள். நைனா வரப்பு வரப்பாக ஓடிச் சொல்லியிருக்கிறார். தண்ணீரை வயலில் விடாமல் ஓடைக்குத் திருப்பிவிட்டு, நிலத்துக்காரர்களிடம் கேட்காமல் அவர்கள் மோட்டார் போட்டார்கள். ஃபேன் சோம்பியது. திரையில், பனைமரத்துக்குக் கீழே, ஒரு மெல்லிய இருள் தோன்றி இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முழங்காலில் கையை ஊன்றி, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டி.வி.யோடு சேர்த்து அடாப்டரையும் ஒரே பிளக்கில் ஸ்டெபிலைசரில் மாட்டச் சொன்னார். அக்கா தடுக்கவில்லை. கேசட்டை மறுபடி ஏற்றியதும் வயல் ஆடாமல் நின்றது. திரும்பச் சுவரில் மாட்டி ஏற்றச் சொன்னார். ஆடியது. சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். எத்தனையோ வருஷம் எத்தனையோ மண்டபங்களில் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குப்பா" என்றார் மறுபடியும். "ஆனா இத நான் எந்த போன்ல போட்டு விக்கறது?"

அவரும் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு வேண்டிய ஆள் நான் இல்லை என்பதை அதைவிட நல்லவிதமாகச் சொல்ல முடியாது. மெஷினை நானே கழற்றி, துடைத்து, பையில் வைத்துக் கொடுத்தேன். "தொடர்ந்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு போனார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் நைனா வந்தார். இடுப்பு வரை சேறு. மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடிச்சா?"

"ஆடிச்சு நைனா."

"அவரு பாத்தாரா?"

"நல்லா பாத்தாரு."

"அப்ப வேல குடுத்துடுவாரு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. வெளியே எல்லா மோட்டாரும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு தடவை இருமினாள்.

"போய் மோட்டார நிறுத்தச் சொல்லு நைனா" என்றாள். "நாளைக்கி நான் வேனுக்குப் போவணும், சீக்கிரம் சோறாக்கணும்."